ஷிப்ட் தகராறில் சஸ்பெண்டா? தொழிற்சங்கத் தோழரின் பதில்கள்

தோழர், எப்போதும் காலை ஷிப்ட்தான். சனிக்கிழமை சாயங்காலம் போர்டில் என் பெயரை இரவு ஷிப்டுக்கு மாற்றிவிட்டார்கள். திங்கள் காலை வழக்கம்போல் போனேன், கேட்டிலேயே நிறுத்தி சஸ்பென்ஷன் ஆர்டர் கொடுத்தார்கள். 21 நாள் நோட்டீஸ் தர வேண்டாமா?

அந்த 21 நாளைப் பலரும் பாதிதான் சொல்கிறார்கள். மாற்றத்துக்கு 21 நாள் முன்பே நோட்டீஸ் தர வேண்டும் என்ற விதி 1947 தொழில் தகராறுகள் சட்டத்தில் 9ஏ பிரிவாக இருந்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பிலும் 40ஆம் பிரிவாக இருக்கிறது. ஆனால் அது ஷிப்ட் முறையையே மாற்றும்போது: புதிதாக ஒரு ஷிப்ட் தொடங்குவது, இருப்பதை மூடுவது, நேரத்தை மாற்றுவது. அதுவும் நிலையாணைக்கு, அதாவது நிறுவனத்தின் பணி விதிகளுக்கு, புறம்பாகச் செய்தால். ஏற்கெனவே ஓடுகிற இரவு ஷிப்டுக்கு உங்களை அனுப்புவது வேறு. நிலையாணையில் சுழற்சி முறை இருந்தால் உங்கள் வாதம் நிற்காது.

உங்கள் பலம் வேறு இடத்தில் இருக்கிறது. சார்ஜ் மெமோவில் (குற்றச்சாட்டுக் கடிதம்) 'வேண்டுமென்றே கீழ்ப்படியாமை' என்று எழுதுவார்கள். தெரியாத உத்தரவை எப்படி வேண்டுமென்றே மீறுவது? சனிக்கிழமை நீங்கள் பஞ்ச் அடித்து வெளியேறிய நேரம், போர்டில் தாளை ஒட்டிய நேரம் இரண்டையும் எழுத்தில் கேளுங்கள். அந்தத் தாளின் போட்டோ யாரிடமாவது இருக்கிறதா பாருங்கள். ஓரத்தில் தேதியும் சுருக்கொப்பமும் இருக்கிறதா, உங்கள் பெயர் ஒயிட்னர் பூசி எழுதியதா என்பதெல்லாம் உள்விசாரணையில் பேசும்.

சஸ்பென்ஷன் காலத்தில் சம்பளம்?

பிழைப்பூதியம் உண்டு. முதல் 90 நாள் பாதி, அப்புறம் தாமதம் உங்களால் இல்லையென்றால் 75 சதவீதம். தமிழ்நாட்டின் 1981 சட்டத்தில் 180 நாளுக்கு மேல் முழு ஊதியம் என்றே இருக்கிறது. தராவிட்டால் உடனே எழுதிக் கேளுங்கள். பிழைப்பூதியம் தராததால் வர முடியாமல் போனவர் இல்லாமலே நடத்திய விசாரணை செல்லாது என்று பால் அந்தோணி வழக்கில் 1999இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

மன்னிப்புக் கடிதம் கொடுத்தால் எடுத்துக்கொள்கிறோம் என்கிறார்கள்.

கொடுக்காதீர்கள். அது குற்றத்தை ஒப்புக்கொண்ட தாள்.

நான் ஹெச்.ஆர். வேலையில் இருப்பவன். நீங்கள் தொழிலாளியைத் தூண்டிவிடுகிறீர்கள். முதலில் போகச் சொன்ன ஷிப்டுக்குப் போக வேண்டும், அப்புறம் புகார் கொடுக்கலாம்.

சார், நானும் அதையேதான் சொல்லி வருகிறேன். ஆட்சேபத்தை எழுதிக் கொடுத்துவிட்டு ஷிப்டுக்குப் போ என்பதுதான் பாதுகாப்பு. மேலே கேட்டவர் மறுக்கவில்லை, உத்தரவையே பார்க்கவில்லை. அதை விசாரிக்காமல் கேட்டில் நிறுத்துவது உங்கள் தரப்பு செய்த வேலை.

அப்படியானால் மறுக்கவே கூடாதா?

யார் சொன்னது? பெண் தொழிலாளியை இரவு 7 மணிக்கு மேல், காலை 6 மணிக்கு முன் வேலை வாங்க அவர் சம்மதம் வேண்டும். சம்மதிக்காதவரை ஒழுங்கீனம் என்று சஸ்பெண்ட் செய்தால் அந்த ஆர்டரை எனக்குக் காட்டுங்கள் ஹெச்.ஆர். சார், பேசுவோம்.

மறுபடி ஹெச்.ஆர்.தான். இரவு ஷிப்ட் பட்டியலைப் போர்டில் ஒட்டியதே சம்மதம்தானே?

இல்லை. உங்கள் சட்டப் பிரிவிலேயே கேட்டுப் பாருங்கள். இந்த விவாதத்தை இதோடு நிறுத்துகிறேன், வரிசையில் ஆள் இருக்கிறார்கள்.

அரசு ஊழியன் நான்...

உங்களுக்குத் தனி நடத்தை விதிகள், தனி வழி. பணி வழக்குகள் பார்க்கும் வக்கீலிடம் போங்கள்.

21 நாள் நோட்டீஸ் இல்லாமல்...

முதல் பதில்.

மன்னிப்புக் கடிதத்தில் 'தெரியாமல் நடந்தது' என்று போட்டால்?

பெயர்தான் வேறு. விளக்கக் கடிதம் எழுதுங்கள்: என்ன நடந்தது, எத்தனை மணிக்கு. நகலில் பெற்றுக்கொண்ட முத்திரை வாங்குங்கள்.

விசாரணை முடியும்வரை ஆட்டோ ஓட்டலாமா?

வேறு வேலையில் இல்லை என்று எழுதிக் கொடுத்துத்தான் பிழைப்பூதியம் வாங்குகிறீர்கள். ஆட்டோ ஓட்டுவதை ஒருவர் படம் பிடித்தால் அதற்கும் தனியாக ஒரு மெமோ வரும்.