கண்ணாடியைத் தூக்காமல் பின்னொளியை மாற்ற முடியுமா? கேள்வி பதில்

எல்.சி.டி. திரை தானாக ஒளிர்வதில்லை. அதன் முதுகுப்புறத்தில் இருக்கும் விளக்கு வரிசையே, அதாவது பின்னொளியே, நாம் காணும் வெளிச்சம் முழுவதையும் தருகிறது. கொழும்பு மருதானையில் தொலைக்காட்சிகளையும் கணினித் திரைகளையும் திருத்தும் சிறிய கடை ஒன்றை நடத்துவதோடு, கழற்றி மாற்றக்கூடிய மொடியூல்களாகப் பின்னொளியைக் கட்டிப் பார்க்கும் முயற்சியிலும் சில ஆண்டுகளாக ஈடுபட்டிருக்கிறேன். இவ்விடயம் தொடர்பாக என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன்.

கேள்வி (வெள்ளவத்தை, ஒரு தாயார்): எங்கள் 32 அங்குலத் தொலைக்காட்சியில் சத்தம் வருகிறது, படம் வருவதில்லை. ஒரேயொரு எல்.ஈ.டி. தான் எரிந்திருக்கிறது என்று சொன்ன திருத்துநர், மூன்று ஸ்ட்ரிப்பையும், அதாவது எல்.ஈ.டி. பதித்த பட்டிகளையும், மாற்றக் காசு கேட்கிறார். இது நியாயமா தம்பி?

பதில்: நியாயம்தான் அம்மா. முதலில் வீட்டில் நீங்களே ஒன்றைச் செய்து பார்க்கலாம். இரவில் அறை விளக்கை அணைத்துவிட்டு, தொலைக்காட்சியைப் போட்டு, ரோச் லைட்டைத் திரைக்கு மிக அருகில் சாய்வாகப் பிடியுங்கள். மங்கலாகவேனும் படம் அசைவது தெரிந்தால், பனல், அதாவது படத்தைக் காட்டும் கண்ணாடித் தட்டு, நன்றாக இருக்கிறது, பின்னொளி மட்டுமே போயிருக்கிறது என்று கொள்ளலாம்.

அந்த அளவுத் தொலைக்காட்சிகள் பலவற்றில் ஸ்ட்ரிப்புக்கு ஆறு எல்.ஈ.டி. வீதம் மூன்று ஸ்ட்ரிப்புகள் இருக்கும். பதினெட்டும் தொடராக இணைக்கப்பட்டிருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 3 வோல்ற் என்றால், மொத்தம் 54 வோல்ற் அளவு தேவைப்படும். அவற்றுள் ஒன்று அறுந்தால் மின்னோட்டம் முழுவதும் நின்றுவிடும். எல்.ஈ.டி.களுக்கு மின்சாரம் தரும் டிரைவர் போர்ட் மின்னழுத்தத்தை உயர்த்தி உயர்த்திப் பார்த்துவிட்டுப் பாதுகாப்புக்காகத் தன்னை நிறுத்திக்கொள்ளும். திரை ஒரு கணம் மின்னி மறைவதற்கு அதுவே காரணம். ஒன்றை மட்டும் மாற்றினால் உங்கள் படம் திரும்பி வரும். ஆனால் மீதிப் பதினேழும் அதே வெப்பத்தில் அதே அளவு மணித்தியாலங்கள் எரிந்தவை. அவற்றுள் இன்னொன்று விரைவில் போகலாம், அப்போது மறுபடியும் பனலைக் கழற்ற வேண்டியிருக்கும். இந்த வேலையில் ஸ்ட்ரிப்பின் விலையைவிடப் பனலைக் கழற்றும் ஆபத்தே பெரிது.

கேள்வி (மொறட்டுவைப் பல்கலைக்கழக மாணவர்): அண்ணா, இறுதியாண்டுச் செயற்றிட்டத்துக்கு மொடியூல் முறைப் பின்னொளியை எடுத்திருக்கிறேன். ஸ்ட்ரிப்பும் கழற்றி மாற்றக்கூடியதுதானே? அதை ஏன் மொடியூல் என்று சொல்வதில்லை?

பதில்: நல்ல இடத்தில் தொடங்கியிருக்கிறீர்கள். ஸ்ட்ரிப்பைக் கையால் பிரிக்கலாம், ஆனால் மின்சாரம் அதைப் பிரித்துப் பார்ப்பதில்லை. மேலே அந்த அம்மாவுக்குச் சொன்னதுபோல, ஒரு ஸ்ட்ரிப்பில் ஏற்பட்ட பழுது மற்ற இரண்டையும் இருட்டாக்குகிறது. நான் மொடியூல் என்று ஏற்றுக்கொள்ளும் துண்டில் எல்.ஈ.டி.களும், அவற்றின் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் சுற்றும், ஒரு கனெக்டரும் ஒரே பலகையில் இருக்க வேண்டும். அருகருகே வைக்கப்பட்ட இரண்டு மொடியூல்களுக்கிடையே ஒளி தடையின்றிக் கலக்க வேண்டும், பழுது கலக்கக் கூடாது. நான் செய்து பார்க்கும் வடிவமைப்பு முழுவதும் இந்த ஒரு நிபந்தனையிலிருந்தே விரிகிறது.

குளிர் கதோட்டுக் குழாய்கள், அதாவது மெல்லிய குழாய் விளக்குகள், பின்னொளியாக இருந்த காலத்தில் இது எளிதாக இருக்கவில்லை. திரையின் அகலத்துக்கு நீண்ட கண்ணாடிக் குழாயை நடுவில் வெட்ட முடியாது, அதைத் தொடக்கி வைக்க ஆயிரம் வோல்ற்றுக்கு மேற்பட்ட அழுத்தமும் தேவைப்பட்டது. எல்.ஈ.டி. வந்த பின்னரே திரையின் பரப்பைக் கட்டங்களாகப் பிரிக்கும் சுதந்திரம் கிடைத்தது. சொனி நிறுவனம் 2004 இல் குவாலியா வரிசையில் எல்.ஈ.டி. பின்னொளி கொண்ட தொலைக்காட்சியை வெளியிட்டது. கனடாவின் வான்கூவரில் இயங்கிய பிரைட்சைட் நிறுவனம் 37 அங்குலத் திரை ஒன்றில் 1,380 எல்.ஈ.டி.களின் ஒளியைத் தனித்தனியே கூட்டிக் குறைத்துக் காட்டியது. 2007 இல் டொல்பி அந்நிறுவனத்தை வாங்கியது. 2021 இல் வந்த 12.9 அங்குல ஐபாட் புரோவில் 10,000 இற்கு மேற்பட்ட மினி எல்.ஈ.டி.கள் 2,596 வலயங்களாக, அதாவது ஒளியைத் தனித்தனியே கட்டுப்படுத்தக்கூடிய பகுதிகளாக, பிரிக்கப்பட்டுள்ளன. ஆனால் கட்டுப்பாட்டுக்காகப் பிரிப்பது வேறு, திருத்துவதற்காகப் பிரிப்பது வேறு. முதலாவதில் தொழில்துறை வெகுதூரம் போய்விட்டது. இரண்டாவதில் உங்களைப் போன்றவர்கள் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது.

கேள்வி (அதே மாணவர்): நான்கு மொடியூல்களைச் சேர்த்து வைத்தால் பொருத்துக் கோடு திரையில் தெரிகிறது. எப்படி மறைப்பது?

பதில்: இந்தத் துறையின் மிகக் கடினமான கேள்வி இதுதான், ஆகவே சற்று நீளமாகவே எழுதுகிறேன். திரையின் நடுவிலிருந்து ஓரத்துக்குப் போகப் போக வெளிச்சம் நான்கில் ஒரு பங்கு குறைந்தாலும், அது படிப்படியாகக் குறையுமானால் பெரும்பாலானோர் கவனிப்பதில்லை. அதே கண், நேர்கோட்டில் திடீரென நிகழும் ஒன்றிரண்டு சதவீத வேறுபாட்டைக்கூடப் பிடித்துவிடுகிறது. எனவே எல்லா மொடியூல்களையும் சமமாக ஒளிரச் செய்வதில் முழு உழைப்பையும் போடுவதற்கு முன்னர், எல்லைக்கோட்டில் வெளிச்சம் தாவாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். நான் முதலில் கட்டிய நான்கு பலகைகளிலும் எல்.ஈ.டி.களுக்கிடையே 40 மில்லிமீற்றர் இடைவெளி வைத்திருந்தேன். கனெக்டரைப் பலகையின் முன்பக்க விளிம்பில் வைத்ததால், கடைசி எல்.ஈ.டி. விளிம்பிலிருந்து 25 மில்லிமீற்றர் உள்ளே தள்ளிப்போயிற்று. இரண்டு பலகைகள் சேரும் இடத்தில் அந்த இடைவெளி 50 ஆகிவிட்டது. வெறும் கண்ணால் பலகையைப் பார்த்தபோது ஒன்றும் தெரியவில்லை. மேலே, ஒளியைப் பரப்பிச் சமப்படுத்தும் டிஃபியூசர் தட்டை வைத்ததும், நடுவில் சிலுவை போல் மங்கலான நிழல் விழுந்தது. கனெக்டரைப் பலகையின் பின்பக்கத்துக்கு மாற்றி, விளிம்புத் தூரத்தை இடைவெளியின் சரிபாதியாக, அதாவது 20 மில்லிமீற்றராக, ஆக்கிய பிறகு எல்லையிலும் 40 கிடைத்தது. அதன் பின்னும் மயிரிழை போல ஒரு கோடு எஞ்சியிருந்தது. பலகைகளுக்கிடையிலான வெட்டு ஒளியைத் திருப்பி அனுப்பாமல் விழுங்கியதே அதற்குக் காரணம். ஒவ்வொரு பலகைக்கும் தனித்தனியே ஒட்டியிருந்த வெள்ளைத் தெறிப்புத் தாளை அகற்றிவிட்டு, எல்.ஈ.டி.கள் வெளியே தலை காட்டுவதற்குத் துளைகளிட்ட ஒரே பெரிய தாளை நான்குக்கும் மேலாக விரித்தேன். கோடு மறைந்துவிட்டது. பலகை எங்கே முடிகிறது என்பது ஒளிக்குத் தெரியக் கூடாது என்பதை அன்றுதான் முழுமையாக உணர்ந்தேன்.

டிஃபியூசருக்கும் பலகைக்கும் உள்ள தூரமும் முக்கியமானது. வில்லை (லென்ஸ்) பொருத்தாத எல்.ஈ.டி.களாயின், அந்தத் தூரம் ஏறத்தாழ எல்.ஈ.டி.களின் இடைவெளி அளவுக்காவது இருக்க வேண்டும். குறைந்தால் புள்ளி புள்ளியாகத் தெரியும். ஒளியைப் பக்கவாட்டில் பரப்பும் வில்லையைப் பொருத்தினால் தூரத்தைக் கணிசமாகக் குறைக்கலாம்.

கேள்வி (புறக்கோட்டை, உதிரிப்பாக வியாபாரி): நீளமும் துளைகளும் சரியாகப் பொருந்துகிற ஸ்ட்ரிப்பைத்தான் கொடுக்கிறேன். ஆனாலும் படத்தில் ஒரு பக்கம் நீலமாக இருக்கிறதென்று வாடிக்கையாளர்கள் திருப்பிக் கொண்டுவருகிறார்கள். ஏன்?

பதில்: வெள்ளை எல்.ஈ.டி. என்பது நீல ஒளி தரும் சில்லின் மேல் மஞ்சள் பொசுபர் பூசப்பட்டது. பூச்சின் கனம் சிறிது மாறினாலும் நிறம் மாறும். அதனால் உற்பத்தியாளர்கள் நிறம், பிரகாசம், அழுத்தம் ஆகியவற்றைக் கொண்டு எல்.ஈ.டி.களைத் தரம் பிரித்தே விற்கிறார்கள். நீங்கள் ஒரு தொலைக்காட்சிக்கு ஒரே பொதியிலிருந்து முழுச் செற்றையும் கொடுங்கள். பழையதோடு புதியதைக் கலக்க விடாதீர்கள். 3 வோல்ற் எல்.ஈ.டி.யும், உள்ளே இரண்டு சில்லுகள் கொண்ட 6 வோல்ற் எல்.ஈ.டி.யும் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோல் இருக்கும் என்பதையும் வாங்குபவரிடம் சொல்லிவிடுங்கள் ஐயா. அதைச் சொல்லாததால் பல டிரைவர் போர்ட்கள் வீணாகியிருக்கின்றன.

கேள்வி (தெமட்டகொடை, திருத்துநர்): ஓட்டத்தைக் குறைத்தால் ஸ்ட்ரிப் நீண்ட காலம் உழைக்கும் என்கிறார்களே அண்ணன்?

பதில்: உழைக்கும். எல்.ஈ.டி.யைக் கொல்வது பெரும்பாலும் வெப்பம்தான். ஓட்டத்தைக் கால்பங்கு குறைத்தால் வெப்பம் நன்றாகவே குறையும், ஆனால் பார்ப்பவரின் கண்ணுக்குப் பிரகாசம் அந்த அளவு குறைந்ததாகத் தோன்றாது. பல போர்ட்களில் ஓட்டத்தை அளக்கும் சிறிய தடையிகள் இரண்டு மூன்று சமாந்தரமாக இருக்கும். அவற்றுள் ஒன்றை அகற்றினால் மொத்தத் தடை கூடி, ஓட்டம் குறையும். எதை அகற்றுவது என்பதை, போர்ட்டில் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் ஐ.சி.யின் தரவுத்தாளைப் பார்த்தே முடிவுசெய்யுங்கள். 230 வோல்ற் மின்சாரம் நேராக்கப்பட்ட பின் பெரிய கொள்ளளவியில் ஏறத்தாழ 325 வோல்ற் தேங்கி நிற்கும். பிளக்கைக் கழற்றியபின் அதை மின்னிறக்கம் செய்யாமல் போர்ட்டில் கை வைக்க வேண்டாம்.

கேள்வி (தெகிவளை, ஆசிரியை): பாடசாலைக்குப் பெரிய திரை வாங்கவிருக்கிறோம். ஓரத்தில் விளக்குள்ளதா, பின்னால் முழுவதும் விளக்குள்ளதா நல்லது?

பதில்: பின்னால் முழுவதும் விளக்குள்ளதையே வாங்குங்கள், ரீச்சர். ஓர விளக்குத் திரை மெல்லியதாக அழகாக இருக்கும். ஆனால் அதில் ஒளியை நடுவுக்குக் கொண்டுபோவது ஒரே பெரிய அக்கிரிலிக் தட்டு. அது வளைந்தாலோ கறைபட்டாலோ துண்டாக மாற்ற வழியில்லை.

கேள்வி (பம்பலப்பிட்டி): இருண்ட காட்சியில் வெள்ளை எழுத்து வந்தால் அதைச் சுற்றி ஒளிவட்டம் தெரிகிறது. இது பழுதா?

பதில்: பழுதன்று. எழுத்தைவிட விளக்கு வலயம் பெரிதாக இருப்பதன் விளைவு அது. முன்பு சொன்ன ஐபாட்டில்கூட ஒரு வலயத்துக்கு ஏறத்தாழ 2,150 படப்புள்ளிகள் வருகின்றன. அவற்றுள் ஒன்று வெண்மையாக வேண்டுமென்றாலும் வலயம் முழுவதும் ஒளிர வேண்டும், கறுப்பாக இருக்க வேண்டிய புள்ளிகளால் அந்த ஒளியை முழுதாக அடைக்க முடிவதில்லை. வலயங்களுக்கிடையே சுவர் எழுப்பினால் வட்டம் சுருங்கும், ஆனால் முன்னர் சொன்ன பொருத்துக் கோடு சுவரின் வடிவில் திரும்ப வரும். திரையின் அமைப்புகளில் (settings) உள்ளூர் ஒளிகுறைப்பை (local dimming) ஒரு படி தாழ்த்திப் பாருங்கள்.

கேள்வி (மட்டக்குளி): பழைய கணினித் திரையின் குழாய் விளக்கை எடுத்துவிட்டு எல்.ஈ.டி. போடலாமா?

பதில்: போடலாம், அதற்கான செற்றுகள் கிடைக்கின்றன. பழைய குழாய்க்குள் பாதரசம் இருப்பதால் அதை உடைக்காமல் தாளில் சுற்றி, இலத்திரனியல் கழிவு சேகரிப்பவர்களிடம் கொடுங்கள்.

கேள்வி (வெள்ளவத்தை, கடற்கரைப் பக்கத் தொடர்மாடி): உப்புக்காற்றில் எங்கள் வீட்டு இலத்திரனியல் பொருட்களின் கனெக்டர்கள் பச்சை பிடிக்கின்றன. மொடியூல்களைக் கூட்டினால் கனெக்டர்களும் கூடுமே?

பதில்: மொடியூல் முறைக்கு எதிராகச் சொல்லப்படுபவற்றுள் மிக நியாயமான வாதம் இது. ஒவ்வொரு கனெக்டரும் எதிர்காலப் பழுதுக்கு ஒரு வாசல்தான். ஆகவே மொடியூலை விரும்பியபடி சிறிதாக்க முடியாது. 55 அங்குலத் திரைக்கு நூறு துண்டுகள் வேண்டாம், எட்டோ பன்னிரண்டோ போதும் என்பது என் கணிப்பு. கனெக்டர்கள் பொன்முலாம் பூசியவையாகவும், பலகையின் சுற்று ஈரம் புகாத பூச்சுப் பெற்றதாகவும் இருந்தால், கடலோர வீட்டிலும் தாக்குப்பிடிக்கும்.

கேள்வி (மொறட்டுவை மாணவர் மீண்டும்): எதை முதலில் வரையட்டும் அண்ணா? மின்சுற்றையா, ஒளியமைப்பையா?

பதில்: பின்பக்கத் தகட்டை முதலில் வரையுங்கள் தம்பி. இன்றைய தொலைக்காட்சிகளில் பின்னொளியைத் தொடுவதற்கு முன்பக்கத்தால் பனல் கண்ணாடியைத் தூக்கி, அதன்பின் டிஃபியூசரையும் மற்றத் தாள்களையும் ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். ஒரு தடவை 43 அங்குலப் பனல் ஒன்றை, இருவர் இருபுறமும் பிடித்தபடி, உறிஞ்சு கிண்ணங்களால் தூக்கினோம். என் பக்கம் கண நேரம் பின்தங்கியது. கண்ணாடியின் மூலையில் மெல்லிய சத்தம் கேட்டது, மேலிருந்து கீழாக ஒரு கீறல் ஓடியது. ஒரேயொரு 3 வோல்ற் எல்.ஈ.டி.க்காக முழுப் பனலும் போயிற்று. உரிமையாளருக்கு என் கைக்காசில் வேறு தொலைக்காட்சி வாங்கிக் கொடுத்தேன். அந்தச் சத்தத்தை இன்னும் மறக்க முடியவில்லை, இந்த முயற்சியில் நான் இறங்கியதும் அதனால்தான்.

உங்கள் தகட்டில் ஒவ்வொரு மொடியூலுக்கும் அதன் அளவைவிடச் சற்றுச் சிறிதான சாளரம் வெட்டி, மொடியூலின் அலுமினிய முதுகே அதை மூடும்படி நான்கு திருகுகளால் பொருத்துங்கள். அப்போது கண்ணாடியைத் தூக்காமல் பின்பக்கத்தாலேயே மொடியூலைக் கழற்றலாம். அந்த அலுமினியமே வெப்பத்தை வெளியேற்றும். துளைகளிட்ட வெள்ளைத் தாள் உள்ளேயே சட்டகத்தில் இழுத்துக் கட்டப்பட்டிருக்கட்டும், மொடியூலைக் கழற்றும்போது அது அசையக் கூடாது. மொடியூலின் ஒளிரும் முகம் சாய்வாகவும் நுழையக் கூடியதாகத் துளைகளைச் சிறிது தளர்வாக வெட்டுங்கள். எல்.ஈ.டி.யைச் சுற்றி அரை மில்லிமீற்றர் போதும். பத்துத் தடவை கழற்றிப் பூட்டிய பிறகு டிஃபியூசரை வைத்துப் படம் எடுத்து அனுப்புங்கள். கோடு தெரிந்தால் திருகின் இறுக்கத்திலிருந்து பார்க்கத் தொடங்குவோம்.