சுகார் கவுதாரியைப் பார்க்க மலையேற வேண்டுமா?

கேள்வி: ஜூன் மாதம் குடும்பத்தோடு லடாக் போகிறோம். சுகார் கவுதாரியைப் பார்க்க ஆசை. எங்கே தேடுவது? நம்மூர்க் கவுதாரியிலிருந்து எப்படிப் பிரித்தறிவது?
- பாகூர் வாசகர், புதுச்சேரி

பதில்: தயவுசெய்து அதைத் துரத்திக்கொண்டு மலையேறாதீர்கள். ஆள் நெருங்கினால் சுகார் உடனே பறக்காது, சரிவில் மேல்நோக்கி ஓடும். விடாமல் போனால் கூட்டம் மொத்தமும் சடசடவென்று எழும்பிக் கீழ்நோக்கிப் பறந்துவிடும். மிச்சம் உங்களுக்கு மூச்சிரைப்புதான். லடாக்கில் நீங்கள் தங்கக்கூடிய லே நகரமே சுமார் 3,500 மீட்டர் உயரம். கடலோரத்துக்காரர்களான நமக்கு அங்கே மாடிப்படி ஏறினாலே நெஞ்சு அடித்துக்கொள்ளும். முதல் இரண்டு நாள் ஓய்வெடுங்கள். தலைவலியோடு வாந்தியும் வந்தால் பறவையை மறந்துவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

ஹெமிஸ் தேசியப் பூங்காவின் ரும்பக் பள்ளத்தாக்கு நல்ல இடம். விடிந்ததும் ஓடைக்குச் சற்றுத் தள்ளி, பாறையை ஒட்டி அசையாமல் உட்காருங்கள். வறண்ட மலையில் தண்ணீருக்கு அது இறங்கி வந்துதானே ஆக வேண்டும்! முதலில் குரல்தான் கேட்கும். ‘சுக்... சுக்...’ என்று நிதானமாகத் தொடங்கி, வரவர வேகமெடுத்து ‘சுகார் சுகார்’ என்று முடியும்.

அடையாளம் சுலபம். நெற்றியில் தொடங்கும் கறுப்புக் கோடு கண் வழியாக இறங்கி, வெளிறிய தொண்டையைச் சுற்றி மாலைபோல வளையும். சாம்பல் உடம்பு, விலாவில் தடித்த கறுப்புப் பட்டைகள், அலகும் காலும் நல்ல சிவப்பு. நம்மூர்க் கவுதாரிக்கு உடம்பெல்லாம் மெல்லிய குறுக்கு வரிகள். அலகில் அந்தச் சிவப்பு இருக்காது. லடாக்கில் இன்னும் உயரத்தில், சுகாரைப்போலக் கிட்டத்தட்ட இரு மடங்கு நீளத்தில் ஒரு சாம்பல் பறவையைப் பார்த்தால் அது ஸ்னோகாக் என்கிற வேறு பறவை.

நிலவொளியைக் குடித்து வாழ்வதாகப் புலவர்கள் பாடிய சகோரம் இதுதான் என்பார்கள். நிஜத்தில் தரையைக் கிளறிப் புல் விதை, தளிர், கிழங்கு, பூச்சி என்று தின்கிற பறவை.

கிளம்பும் முன் கடலூர்ப் பக்கம் ஏதாவது முந்திரித் தோப்போரம் காலையில் போய் நம் கவுதாரியின் குரலைக் கேட்டுப் பழகுங்கள். இதுவும் பறப்பதைவிட ஓடத்தான் பார்க்கும். குரல் வந்த திசையைப் பிடிக்கக் காது பழகிவிட்டால் லடாக்கில் பாதி வேலை முடிந்த மாதிரி.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: செல்போனில் சுகாரின் குரலை ஒலிக்கவிட்டு அழைப்பது. ஜூன் அதற்குக் குஞ்சு பொரிக்கும் காலம். கூடு வெறும் தரைக் குழிதான். பொரித்த கொஞ்ச நேரத்திலேயே குஞ்சுகள் ஓட ஆரம்பித்துவிடும். ஆபத்தென்றால் கல்லோடு கல்லாகப் பதுங்கிவிடும். தாய்ப்பறவை பதறிக் கத்தினால் அங்கேயே நின்று காலடியைப் பாருங்கள். அப்புறம் வந்த வழியே மெதுவாகத் திரும்புங்கள்.