மாமியார் கட்சி ஜெயிக்கிறது

கேள்வி: என் 4 வயது மகன் பாலர் பள்ளிக்குப் போகிறான். ஒரே ஆண்டில் இரண்டு முறை கை, கால், வாய்ப்புண் நோய் வந்துவிட்டது. பையில் எப்போதும் சேனிடைசர் வைத்திருக்கிறேன். சாப்பிடும் முன் மறக்காமல் தேய்த்துவிடுவேன். மாமியாரோ, "தண்ணி படாம அது என்ன கழுவல்?" என்கிறார். நான் செய்வது தப்பா?
– வாசகி, ஈசூன்

பதில்: கோபித்துக்கொள்ளாதீர்கள், இதில் மாமியார் சொல்வதுதான் சரி.

சளிக்காய்ச்சல், கொவிட் கிருமிகளுக்கு மேலே கொழுப்பாலான ஓர் உறை உண்டு. சேனிடைசரில் இருக்கும் ஆல்கஹால் அதைச் சிதைத்துவிடும், கிருமியின் கதை அதோடு முடிந்தது. உங்கள் மகனுக்கு வந்த நோயைக் கொடுக்கும் என்டரோவைரஸ்களுக்கு அந்த உறையே கிடையாது. ஆல்கஹாலுக்கு அவை லேசில் மசியாது. சோப்பு அவற்றைக் கொல்ல வேண்டியதில்லை. தோலிலிருந்து பெயர்த்துவிட்டால் போதும், தண்ணீர் அடித்துக்கொண்டு போய்விடும். எம்ஆர்டி ரயிலில் கம்பியைப் பிடித்த கைக்குச் சேனிடைசர் இருக்கட்டும். சாப்பாட்டுக்கு முன்பும் கழிவறைக்குப் பிறகும் குழாயடிதான்.

இந்த நோயை உண்டாக்குபவை பல வைரஸ்கள். ஒன்று வந்து போனதால் இன்னொன்று வராமல் இருக்காது. அப்புறம், கொப்புளம் காய்ந்து பையன் பள்ளிக்குத் திரும்பிய பிறகும் சில வாரங்களுக்கு மலத்தில் வைரஸ் வெளியேறும். அவனுக்குக் கால் கழுவிவிடுவது நீங்களோ மாமியாரோ, உடனே சோப்புப் போட்டுக் கை கழுவிவிடுங்கள்.

பிள்ளைகள் உள்ளங்கையை மட்டும் தேய்த்துவிட்டு ஓடுவார்கள். கட்டைவிரலும் விரல்நுனியும் அப்படியே நிற்கும். பிசைந்து சாப்பிடும் நமக்கோ வாய்க்குப் போவதே அந்த நுனிதான்! தேக்காவில் வாழையிலைச் சாப்பாடு முடிந்து வெறும் தண்ணீரில் கையலம்பினால், வீடு வரும்வரை மீன்குழம்பு விரலில் மணக்கிறதே, அதே கதை. ஒரு வேடிக்கை செய்து பாருங்கள். சமையல் எண்ணெயில் கொஞ்சம் காப்பித்தூளைக் குழைத்து அவன் கையில் பூசி, சோப்புப் போட்டு 20 நொடி கழுவச் சொல்லுங்கள். எங்கே தூள் மிச்சமிருக்கிறதோ, அங்கேதான் அவன் தினமும் கோட்டை விடுகிறான். என் வீட்டில் இந்தச் சோதனையில் தோற்றது பிள்ளையல்ல, நான். இடது கட்டைவிரல்!

உணவங்காடியில் நுழைந்ததும் கழுவிவிட்டு, பிறகு மேசை, நாற்காலி, தட்டு என்று தொட்டால் கழுவியது வீண். சாப்பாடு மேசைக்கு வந்தபின் கழுவட்டும். ஈரக் கையில் கிருமி சுலபமாக ஒட்டும், அதனால் துடைக்கவும் வேண்டும். மேசையில் இடம் பிடிக்க வைத்த டிஷ்யூ பொட்டலம்தான் பக்கத்திலேயே இருக்கிறதே.

இந்தப் பக்கத்தை மாமியார் கண்ணில் காட்டுவதும் காட்டாததும் உங்கள் இஷ்டம்.