வத்திக்கான் இராயப்பர் (புனித பேதுரு) பேராலயத்துக்குப் போகிறவர்களுக்கு

கேள்வி (கொக்குவில் வாசகி): சுவிஸில் இருக்கும் மகளிடம் ஜூன் மாதம் போகிறோம். அப்படியே உரோமாபுரிக்கும் போய் வத்திக்கான் கோயிலைப் பார்க்க ஆசை. எனக்கு 68 வயது, முழங்கால் நோவு. இவரோ கோபுரத்தில் ஏறியே தீருவேன் என்கிறார். நாங்கள் சைவர்கள், உள்ளே விடுவார்களா?

பதில்: தாராளமாக விடுவார்கள். சமயம் யாரும் கேட்பதில்லை, உள்ளே போகக் காசுமில்லை. பூசை நடந்தால் ஓரமாக இருந்து பார்க்கலாம். நற்கருணை (பூசையில் குருவானவர் தரும் அப்பம்) வாங்கும் வரிசையில் மட்டும் நிற்காதீர்கள். கண்டிப்பெல்லாம் உடுப்பில்தான். நல்லூரில் ஆண்கள் மேற்சட்டையைக் கழற்றினால்தான் உள்ளே போகலாம். இங்கே நேர்மாறு, ஆணோ பெண்ணோ தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். சேலைக்குப் பிரச்சினையில்லை. கையில்லாச் சட்டையோடும் அரைக் காற்சட்டையோடும் வரும் பேரப்பிள்ளைகளைத்தான் வாசலில் மறிப்பார்கள். பையில் இரண்டு சால்வை வைத்திருங்கள். செருப்புக் கழற்றத் தேவையில்லை.

ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான செங்கன் விசாவைச் சுவிஸ் தந்திருந்தால் அதுவே இத்தாலிக்கும் போதும். (மகள் இலண்டனில் இருந்திருந்தால் கதை வேறு, பிரித்தானிய விசா இத்தாலிக்குச் செல்லாது.) மெற்றோவில் ஏ தடத்தில் ஒத்தாவியானோவில் இறங்கினால் பத்து நிமிட நடை.

சதுக்கத்தில் தெரியும் நீண்ட வரிசை பாதுகாப்புச் சோதனைக்கானது. காலை 7.30க்குள் போய்விட்டால் சுருக்காக முடியும்; பத்து மணிக்குப் போனால் நிழலில்லாத கல்தரையில் வெயில் காய வேண்டும். புதன் காலையைத் தவிருங்கள். திருத்தந்தையின் (பாப்பரசரின்) பொதுச் சந்திப்பு நடந்தால் காலை முழுதும் பேராலயத்துக்குள் போகமுடியாது.

இனிக் கோபுரம், அதாவது பேராலயத்தின் குவிமாடம். மொத்தம் 551 படி. லிப்ற் இருக்கிறது என்று நம்பி ஏறிப் பாதியில் முழிப்பவர்கள் பலர். அது கூரை மட்டும்தான் போகும். அதற்கு மேல் 320 படி கால்நடைதான். குவிமாடம் இரட்டை ஓடாகக் கட்டப்பட்டது. படி அந்த இரண்டுக்கும் நடுவே போகிறது. மேலே போகப்போகச் சுவர் உள்பக்கம் சாய்ந்துவர, நாமும் உடம்பைச் சரித்துக்கொண்டுதான் ஏறவேண்டும். கடைசிச் சுருள்படியில் பிடிக்க ஒரு கயிறுதான். ஏற ஒரு வழி, இறங்க வேறு வழி. ஆகவே இடையில் மனம் மாறினாலும் திரும்ப முடியாது. மூச்சிரைப்போ இடுக்கில் பயமோ உள்ளவர் கணவரென்றாலும் மறித்துவிடுங்கள். நீங்கள் லிப்ற்றில் கூரைவரை போய் இறங்கி நில்லுங்கள். அங்கே கோப்பிக் கடையும் கழிப்பறையும் உண்டு, முகப்பில் நிற்கும் சிலைகளின் முதுகையும் கிட்டப் பார்க்கலாம்.

உள்ளே நுழைந்ததும் வலப்பக்க முதல் சிற்றாலயத்தில், மைக்கலாஞ்சலோ செதுக்கிய, இறந்த மகனை மடியில் தாங்கிய மாதா. 1972இல் ஒருவன் சுத்தியலால் அடித்து உடைத்த பிறகு கண்ணாடிக்குப் பின்னால் வைத்திருக்கிறார்கள். இன்னும் உள்ளே போனால் வெண்கல இராயப்பர். நூற்றாண்டுக்கணக்காகத் தொட்டும் முத்தமிட்டும் வலது பாதத்தின் விரல்களே தேய்ந்து வழுவழுத்துவிட்டன. நடுத்தரையையும் குனிந்து பாருங்கள்: உலகின் மற்றப் பெரிய ஆலயங்களை இதற்குள் வைத்தால் எதுவரை வரும் என்று அடையாளம் பதித்திருக்கிறார்கள். கொஞ்சம் பெருமையடிப்புத்தான்!

கேள்வி (குருநகர் வாசகர்): மைக்கலாஞ்சலோ கூரையில் ஓவியம் தீட்டிய சிஸ்தைன் சிற்றாலயமும் பேராலயத்துக்குள்தானே? செபமாலைக்குத் திருத்தந்தையின் ஆசீர் பெறலாமா?

பதில்: அது வத்திக்கான் அருங்காட்சியகத்துக்குள் இருக்கிறது. வாசல் வேறு, மதிலைச் சுற்றி நடக்கவேண்டும், ரிக்கற்றும் தனி. முன்கூட்டியே இணையத்தில் எடுங்கள். மாதக் கடைசி ஞாயிறு தவிர மற்ற ஞாயிறுகளில் பூட்டு. சிற்றாலயத்துக்குள் படம் எடுக்க விடமாட்டார்கள்.

திருத்தந்தை உரோமையில் இருக்கும் ஞாயிறுகளில் நண்பகல் 12 மணிக்குச் சாளரத்தில் தோன்றி மூவேளைச் செபம் சொல்லி ஆசீர் தருவார். செபமாலையைக் கையில் வைத்துக்கொண்டு சதுக்கத்தில் நின்றால் போதும். புதன் சந்திப்புக்கான சீட்டும் இலவசம். தெருவில் யாராவது அதற்குக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.