ஜன்னலைப் பெற்ற கதவு

கேள்வி: 'ஜன்னல்' போர்த்துகீசியர் தந்த சொல் என்று சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். போர்த்துகீசுக்குத் தாயான லத்தீனில் ஜன்னலுக்கு 'ஃபெனெஸ்த்ரா' என்று பெயர். பிரெஞ்சில் 'ஃபெனெத்ர்', இத்தாலியனில் 'ஃபினெஸ்த்ரா'. தாயிடம் இல்லாத சொல் போர்த்துகீசுக்கு மட்டும் எங்கிருந்து வந்ததாம்? 'ஜாலகம்' என்ற வடசொல்லே ஜன்னல் ஆயிற்று என்பது கண்கூடு. திருத்தம் வெளியிடுவீர்களா?
– வாசகர், பாளையங்கோட்டை

பதில்: மாட்டேன். சொல்லாராய்ச்சியில் யாராவது 'கண்கூடு' என்றாலே எனக்குச் சந்தேகம் வந்துவிடும்.

தாயிடம் சொல் இருந்தது. நீங்கள் ஜன்னல் பக்கம் தேடியிருக்கிறீர்கள். அது வாசலில் நின்றுகொண்டிருந்தது. லத்தீனில் 'யானுவா' என்றால் கதவு, வாசல். அதோடு 'சின்ன' என்று பொருள் தரும் 'எல்லா' விகுதி சேர்ந்து பேச்சு லத்தீனில் 'யானுவெல்லா' ஆனது. சின்னக் கதவு. (இந்த வடிவம் ஏடுகளில் கிடைக்கவில்லை, மொழியியலாளர்கள் மீட்டெடுத்தது.) அதுதான் போர்த்துகீசில் 'ஜனேலா'. பக்கத்து வீடான கலீசிய மொழியில் 'ஷனேலா'.

ஜனேலாவைப் பெற்ற 'யானுவா'வுக்கு நேர்ந்ததுதான் பரிதாபம். கதவு என்ற பொருளில் 'போர்த்தா' என்ற இன்னொரு லத்தீன் சொல் வந்து ஏறக்குறைய எல்லா இடத்தையும் பிடித்துக்கொண்டது: பிரெஞ்சில் 'போர்த்', ஸ்பானிஷில் 'புவெர்த்தா'. சார்டினியத் தீவில் மட்டும் இன்றும் கதவுக்கு 'யன்னா' என்கிறார்கள்.

போர்த்துகீசில் 'ஃபெனெஸ்த்ரா' என்ன ஆனது என்று கேட்பீர்கள். இருக்கிறது, இளைத்துப்போய். இரண்டு உயிர்களுக்கு நடுவே வரும் 'ன'வைப் போர்த்துகீசு விழுங்கிவிடும். நிலாவுக்கு லத்தீனில் 'லூனா', அங்கே 'லூவா'. அப்படியே 'ஃபெனெஸ்த்ரா'வும் தேய்ந்து 'ஃப்ரெஸ்தா' ஆகி, இன்று சுவரில் உள்ள இடுக்கு, பிளவு என்ற அளவில் நிற்கிறது. ஸ்பானிஷ்காரர்களும் பழைய 'ஃபினியெஸ்த்ரா'வைக் கைவிட்டு 'வென்தானா' என்கிறார்கள். காற்றுக்கு லத்தீனில் 'வென்துஸ்'. காற்று வரும் வழி 'வென்தானா'. சிலப்பதிகாரம் 'மான்கண் காலதர்' என்கிறதே, அந்தக் காலதரும் அதுதான்: கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. இருவரும் ஒருவரைக் கேட்டு ஒருவர் வைத்த பெயர் அல்ல. பொருள் ஒத்துப்போனாலே உறவு ஆகாது. ஓசை ஒத்துப்போனாலும் அப்படித்தான்.

ஜாலகத்துக்கு வருவோம். அது தமிழுக்கு வராமல் இல்லை, 'சாலக'மாக எப்போதோ வந்துவிட்டது. பலகணி என்று அகராதி பொருள் சொல்கிறது. அது எந்த வழியில் 'ல'வை 'ன்ன' ஆக்கி, 'க'வைத் தொலைத்து, கடைசியில் ஒரு 'ல்'லையும் ஒட்டிக்கொண்டது என்று நீங்கள்தான் விளக்க வேண்டும். சிங்களத்தில் 'ஜனேலய', மலாயில் 'ஜென்தெலா', மலையாளத்தில் 'ஜனல்'. கொழும்பு, மலாக்கா, கொச்சி: மூன்றிலும் போர்த்துகீசியர் கோட்டை கட்டியிருந்தார்கள். மேசை, அலமாரி, சாவி எல்லாம் அதே கப்பலில் வந்த சாமான்கள்தாம். தூத்துக்குடிக் கரையில் இறங்கியவர்கள் லிஸ்பன் பேச்சைப் பேசியவர்கள். அவர்களிடம் போய்ப் பாரிஸ் சொல்லைத் தேடினால் எப்படிக் கிடைக்கும்?

தமிழ்ச்சொல்தான் வேண்டும் என்றால் பலகணி, காலதர் எதை வேண்டுமானாலும் எழுதுங்கள், மகிழ்ச்சியோடு அச்சிடுகிறேன். ஒன்று மட்டும். ரோமர்களின் வாசல் தெய்வம் யானுஸ், 'யானுவா'வுக்கு உடன்பிறப்பு. ஆண்டின் வாசலில் நிற்கும் மாதத்துக்கு அவர் பெயரைத்தான் வைத்தார்கள். உங்கள் கடிதத்தின் தலையில் 'ஜனவரி' என்று எழுதியிருக்கிறீர்களே, அதையும் ஜாலகத்திலேயே சேர்த்துவிடலாமா?