வலிக்காத பாதம்தான் என்னைக் கவலைப்படுத்துகிறது

கேள்வி: எனக்கு வயது 66. 11 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிட்டு வருகிறேன். இரண்டு வருடமாகக் குதிகால் முழுக்க வெடிப்பு. கால் நகங்கள் தடித்து மஞ்சளாகிவிட்டன. நகவெட்டிக்குள் நுழைவதே இல்லை. குனிய முடியாததால் மகள்தான் வெட்டிவிடுகிறாள். போன மாதம் பெருவிரல் ஓரத்தில் சதையோடு வெட்டிவிட்டாள். ரத்தத்தைப் பார்த்து அவள்தான் பதறினாள், எனக்கு வலிக்கவே இல்லை. வழக்கமான அளவு ஷூவும் செருப்பும் இப்போது பத்துவதில்லை. இரவில் வெந்நீரில் அரைமணி நேரம் காலை வைத்தால் இதமாக இருக்கிறது, தொடரலாமா? வயதானால் பாதம் இப்படித்தான் ஆகும் என்கிறார்கள். அப்படித்தானா?

மருத்துவர் பதில்:

அம்மா, வெடிப்பு, நகம், ஷூ, வெந்நீர் என்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறீர்கள். நான் ஒரு வரியிலேயே நின்றுவிட்டேன். 'எனக்கு வலிக்கவே இல்லை' என்று, மகளைத் தேற்றுகிற மாதிரி போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப்பட்டது அதுதான். சதையோடு வெட்டுப்பட்டால் யாராக இருந்தாலும் காலை வெடுக்கென்று இழுத்துக்கொள்வார்கள். உங்கள் கால் அசையவில்லை. அது வயதின் வேலை இல்லை. உங்கள் பாத நரம்புகள் செய்தி அனுப்புவதைக் குறைத்துக்கொண்டிருக்கின்றன என்பதற்கான அறிகுறியாகவே அதை எடுத்துக்கொள்கிறேன்.

வயதால் வரும் மாற்றங்களும் உண்டு, மறுக்கவில்லை. ஒரு பாதத்தில் 26 எலும்புகள். அவற்றைக் கட்டிப்பிடித்திருக்கும் தசைநார்கள் ஆண்டுகள் போகப்போகத் தளர்கின்றன. உள்ளங்கால் வளைவு கொஞ்சம் தாழ்கிறது, பாதம் நீண்டு அகலமாகிறது. குதிகாலுக்கும் விரல்களின் அடிப்பகுதிக்கும் மெத்தை போலிருக்கும் கொழுப்பு மெலிகிறது. தோலின் எண்ணெய்ப் பசை குறைகிறது. நகம் வளரும் வேகம் குறைந்து, தடிமன் கூடுகிறது. இவையெல்லாம் அறுபதைத் தாண்டிய பலருக்கும் வருபவைதான்.

ஆனால் உங்களுக்கு நரம்பும் சேர்ந்துகொண்டிருக்கலாம். நீண்ட காலச் சர்க்கரை நோய் மூன்று வகை நரம்புகளையும் தொடும். தொடு உணர்ச்சியைச் சொல்லும் நரம்பு பழுதானால் வலி தெரியாது. வியர்வையைக் கட்டுப்படுத்தும் நரம்பு பழுதானால் பாதம் வியர்க்காமல் வறண்டு, பாளம் பாளமாக வெடிக்கும். பாதத்தின் சின்னத் தசைகளை இயக்கும் நரம்பு பழுதானால் விரல்கள் மடங்கி, பாதத்தின் வடிவமே மாறும். பழைய ஷூ இடிக்கும். வெடிப்பு, வலியின்மை, ஷூ பத்தாமை மூன்றையும் நீங்கள் தனித்தனியாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அவை மூன்றும் ஒரே வேரிலிருந்து வந்தவையாக இருக்கலாம் என்று தோன்றுகிறது.

இதை இன்றைக்கே வீட்டில் ஓரளவு சோதித்துப் பார்க்கலாம். படுத்துக்கொண்டு கண்ணை மூடுங்கள். மகள் தன் ஆள்காட்டி விரல் நுனியால் உங்கள் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை ஒவ்வொன்றாக, ஓரிரு விநாடி மட்டும், பூவைத் தொடுவது போலத் தொடட்டும். அழுத்தக் கூடாது, தட்டக் கூடாது, தடவக் கூடாது. தொட்டது தெரிந்தவுடன் 'வலது', 'இடது' என்று சொல்லுங்கள். இரண்டு காலிலுமாக மொத்தம் ஆறு இடம். அதில் இரண்டோ அதற்கு மேலோ தெரியாமல் போனால் உணர்ச்சி குறைந்திருக்கிறது என்று கொள்ளலாம். இங்கிலாந்தின் இப்ஸ்விச் நகரின் பெயரால் 'இப்ஸ்விச் தொடு சோதனை' என்று இதைச் சொல்வார்கள். கருவி எதுவும் வேண்டாம். ஆறும் சரியாகத் தெரிந்தாலும் மருத்துவரிடம் போவதைத் தள்ளிப்போடாதீர்கள். அவர் 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையாலும், அதிரும் இசைக்கவையாலும் இன்னும் நுட்பமாகப் பார்ப்பார்.

உணர்ச்சி குறைந்த கால் எப்படி ஏமாற்றும் என்பதற்கு என் அறையில் பார்த்ததைச் சொல்கிறேன். ஒரு பெரியவர் பாதத்தில் ஏதோ ஈரம் தெரிகிறது என்று வந்தார். ஷூவைக் கழற்றிக் கவிழ்த்தேன். சட்டைப் பொத்தான் ஒன்று விழுந்தது. காலையில் போட்ட ஷூ. மாலை வரை அதன் மேல்தான் நடந்திருக்கிறார். பெருவிரலுக்குக் கீழே பொத்தான் அளவுக்கே வட்டமாக ஒரு புண். அதன் நான்கு துளைகளின் தடம்கூடத் தெரிந்தது. அந்தப் புண் ஆற ஏழு வாரம் ஆனது. வேறு சிலர், வீதியில் செருப்பு கழன்று போனதே தெரியாமல் பத்தடி நடந்துவிட்டேன் என்பார்கள். பஞ்சு மேல் நடப்பது போல இருக்கிறது என்பார்கள். உங்களுக்கும் அப்படி ஏதாவது உண்டா என்று யோசித்துப் பாருங்கள்.

பால் பிராண்ட் (1914–2003) என்ற அறுவை சிகிச்சை நிபுணர் தொழுநோயாளிகளின் கை கால்களைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். நோய் சதையைத் தின்பதால்தான் விரல்கள் போகின்றன என்று பரவலாக நம்பிய காலம் அது. அப்படியல்ல, உணர்ச்சி போனதால் தெரியாமல் படும் காயங்களே விரல்களைப் பறிக்கின்றன என்று அவர் காட்டினார். சர்க்கரை நோயாளியின் பாதத்துக்கும் அது அப்படியே பொருந்தும். வலி சொல்ல வேண்டியதை இனி உங்கள் கண்கள்தான் சொல்ல வேண்டும்.

ஆகவே தினமும் பாதத்தைப் பாருங்கள். குனிய முடியாவிட்டால் தரையில் ஒரு கண்ணாடியை வைத்து அதன் மேல் காலைக் காட்டுங்கள். அல்லது மகள் செல்போனில் உள்ளங்காலைப் படம் பிடித்துத் தரட்டும்; பெரிதாக்கிப் பார்க்கலாம், நேற்றைய படத்தோடு ஒப்பிடலாம். விரலிடுக்குகளை விரித்துப் பார்க்க வேண்டும். குறிப்பாகச் சுண்டுவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே தோல் வெளுத்து ஊறியிருந்தால் அது பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். புறங்கையால் இரண்டு பாதங்களையும் தொட்டு ஒப்பிடுங்கள். ஓரிடம் மட்டும் மற்றக் காலின் அதே இடத்தைவிடத் தெளிவாகச் சூடாக இருந்தால், உள்ளே ஏதோ நசுங்கிக்கொண்டிருக்கலாம். வெப்பமானி வைத்துப் பார்ப்பவர்கள் 2.2 டிகிரி செல்சியஸ் வித்தியாசத்தையே எச்சரிக்கையாகக் கொள்கிறார்கள்.

வெந்நீருக்கு வருகிறேன். வேண்டாம், அம்மா. இதமாக இருப்பதை நிறுத்தச் சொல்ல மனம் வரவில்லை, ஆனாலும் வேண்டாம். உங்கள் பாதத்தால் சூட்டை அளக்க முடியாது. 50 டிகிரி செல்சியஸ் நீர் சில நிமிடங்களில் தோலைப் பொசுக்கிவிடும். மறுநாள் காலையில் கொப்புளத்தைப் பார்த்துத்தான் உங்களுக்குத் தெரியவரும். அரைமணி நேரம் ஊறுவது தோலில் மிச்சமிருக்கும் எண்ணெய்ப் பசையையும் எடுத்துவிட்டு வெடிப்பை அதிகமாக்கும். கழுவுவதற்கு வெதுவெதுப்பான நீர் போதும், ஐந்து நிமிடத்துக்குள் முடித்துக்கொள்ளுங்கள். சூட்டை முழங்கையால் பாருங்கள், அல்லது மகள் பார்க்கட்டும். வெந்நீர்ப் பையைக் காலடியில் வைத்துத் தூங்குவதும் இதே காரணத்தால் கூடாது. குளிர்ந்தால் தளர்வான பருத்திக் காலுறை போட்டுக்கொள்ளுங்கள்.

வெடிப்புக்கு யூரியா கலந்த க்ரீம் நல்ல பலன் தரும். சாதாரண வறட்சிக்கு 10 சதவீதம், தடித்த குதிகாலுக்கு 25 சதவீதம் வரை. கழுவி, ஒற்றியெடுத்துத் துடைத்த சில நிமிடங்களுக்குள், தோலில் ஈரம் லேசாக இருக்கும்போதே தடவுங்கள். விரலிடுக்கில் மட்டும் தடவாதீர்கள்; அங்கே ஈரம் தங்கினால் பூஞ்சை குடியேறும். பிளேடு வைத்துச் சீவுவது, கால் ஆணிக்கு ஒட்டும் மருந்துப் பட்டை போடுவது இரண்டும் உங்களுக்கு ஆகாது. அந்தப் பட்டையில் இருக்கும் சாலிசிலிக் அமிலம் ஆணியோடு நிற்காது, பக்கத்துத் தோலையும் அரிக்கும். வெடிப்பு ஆழமாகி ரத்தம் கசிந்தாலோ, ஓரம் சிவந்தாலோ வீட்டு வைத்தியம் பார்க்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். காய்ப்புக்கு அடியில் கறுப்பாகவோ ரத்தம் கட்டியது போலவோ தெரிந்தாலும் அப்படித்தான். காய்ப்பு மூடிபோல மேலே இருக்க, கீழே புண் வளர்ந்துகொண்டிருக்கலாம்.

நகம் மஞ்சளாகித் தடிப்பது பூஞ்சையாலும் இருக்கலாம், வெறும் வயதாலும் இருக்கலாம். பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியாது. நகத்தைச் சுரண்டியெடுத்துப் பரிசோதித்து உறுதி செய்த பிறகே மாத்திரை தொடங்க வேண்டும். சும்மா வாங்கிச் சாப்பிடும் மருந்து இல்லை அது, கல்லீரலையும் பார்க்க வேண்டும். மருந்து வேலை செய்தாலும் பெருவிரல் நகம் முழுதாகப் புதிதாக வளர 12 முதல் 18 மாதம் ஆகும். இரண்டு மாதத்தில் மாறவில்லையே என்று விட்டுவிடாதீர்கள். வெட்டும் வேலையை இப்போதைக்குப் பாதப் பராமரிப்பில் பயிற்சி பெற்றவர்களிடம் கொடுங்கள். மகளிடம் சொல்லுங்கள், அவள் மீது தப்பே இல்லை. அம்மாவின் கால் இழுத்துக்கொள்ளும் என்ற நம்பிக்கையில்தான் எந்தப் பிள்ளையும் வெட்டும். இடையில் அவள் நகம் ராவும் அரத்தால், குளித்தபின் நகம் இளகியிருக்கும்போது, நேராக ராவிவிடலாம். ஓரங்களைத் தோண்டவே கூடாது.

நகத்துக்கு அடியில் புதிதாகக் கறுப்புக் கோடோ திட்டோ வந்து, அடிபட்ட கறை போல நகத்தோடு சேர்ந்து நகராமல் அங்கேயே நின்றால் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். பாடகர் பாப் மார்லிக்குக் கால் பெருவிரல் நகத்துக்கு அடியில் வந்தது மெலனோமா என்ற புற்றுநோய். 1977-ல் கண்டறிந்தார்கள், 1981-ல் 36 வயதில் இறந்தார். அரிது என்றாலும் கண்ணில் படும் இடத்தில் இருப்பதால் சொல்லிவைக்கிறேன்.

ஷூ விஷயத்தில் ஒரு சின்ன வேலை செய்து பாருங்கள். மாலையில், பாதம் லேசாக வீங்கியிருக்கும் நேரத்தில், ஒரு வெள்ளைத்தாள் மேல் எழுந்து நில்லுங்கள். மகள் பென்சிலால் பாதத்தைச் சுற்றிக் கோடு போடட்டும். அந்தக் கோட்டின் மேல் உங்கள் பழைய ஷூவை வையுங்கள். பென்சில் கோடு எங்கே வெளியே தெரிகிறதோ, அங்கெல்லாம் ஷூ உங்களை நெருக்கிக்கொண்டிருக்கிறது. பலருக்குச் சுண்டுவிரல் பக்கம் முழுதும் வெளியே நிற்கும். புதிது வாங்கும்போது பழைய எண்ணைச் சொல்லி வாங்காதீர்கள். இரண்டு காலையும் நின்றபடி அளக்கச் சொல்லுங்கள், பெரிய காலுக்கு வாங்குங்கள். நீளமான விரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். பின்பக்கம் பிடிப்பு இருக்கட்டும். நழுவும் செருப்பு விழ வைக்கும். முதல் வாரம் தினம் ஓரிரண்டு மணி நேரம் மட்டும் போட்டு, கழற்றியதும் பாதத்தைப் பாருங்கள். சிவப்புத் தடம் அரைமணி நேரத்தில் மறையாவிட்டால் அந்த ஷூ உங்களுக்கு இல்லை. ஒவ்வொரு முறையும் போடும் முன் உள்ளே கையை விட்டுத் துழாவுங்கள். அந்தப் பொத்தானை மறக்க வேண்டாம். வீட்டுக்குள்ளும் வெறுங்காலோடு நடக்காதீர்கள். வழுவழுப்பான தரையில் வெறும் காலுறையோடு நடப்பதும் ஆபத்து.

மருத்துவரிடம் மூன்று விஷயங்களைக் கேட்டுப் பெறுங்கள். ஒன்று, வைட்டமின் பி12 பரிசோதனை. மெட்ஃபார்மினைப் பல ஆண்டுகள் சாப்பிடுவோர் சிலருக்கு அது குறையும். குறைந்தால் அதுவே நரம்பைப் பாதிக்கும், ஈடுசெய்யவும் முடியும். அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். இரண்டு, கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரை அளவின் சராசரியைச் சொல்லும் ஹெச்பிஏ1சி ரத்தப் பரிசோதனை. மூன்று, ரத்த ஓட்டம். பாதத்தின் மேல்பக்கமும் உள்கணுக்காலுக்குப் பின்னாலும் நாடியைத் தொட்டுப் பார்க்க வேண்டும். கணுக்கால் ரத்த அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தால் வகுத்தால் 0.9-க்குக் கீழே வரக் கூடாது. சர்க்கரை நோயில் ரத்தக்குழாய் இறுகி, பொய்யாக நல்ல எண்ணைக் காட்டுவதும் உண்டு. சந்தேகம் இருந்தால் கால்விரலிலேயே அழுத்தம் பார்ப்பார்கள். நடந்தால் கெண்டைக்கால் கவ்விப் பிடித்து, நின்றால் விட்டுவிடுகிறது என்றால் அதையும் சொல்லுங்கள்.

சிலவற்றுக்கு அடுத்த சந்திப்பு வரை காத்திருக்கவே கூடாது, அன்றைக்கே போக வேண்டும்: பாதத்தில் எந்தப் புண்ணானாலும், வலித்தாலும் வலிக்காவிட்டாலும், விரல் நீலமாகவோ கறுப்பாகவோ மாறினால், ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கினால். பாதம் சிவந்து வீங்கிச் சூடாக இருந்து, புண்ணும் இல்லை, வலியும் அதிகம் இல்லை என்றால் இன்னும் கவனம் தேவை. உணர்ச்சி குறைந்த பாதத்தில் எலும்புகள் உள்ளே நொறுங்கத் தொடங்கும்போதும் இப்படித்தான் இருக்கும். அந்தக் காலை ஊன்றாமல் மருத்துவமனைக்குப் போய்ச் சேருங்கள்.

போன மாதம் வெட்டுப்பட்ட பெருவிரல் ஓரம் முழுதாக ஆறிவிட்டதா என்று நீங்கள் எழுதவில்லை. இன்று இரவே வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். ஆறியிருந்தாலும் இந்த வாரத்துக்குள் மருத்துவரைப் பாருங்கள். மாத்திரைச் சீட்டோடு அந்தப் பழைய ஷூவையும் கையில் எடுத்துப் போங்கள். உள்ளே போனதும் இரண்டு காலிலும் செருப்பைக் கழற்றிவிட்டு உட்காருங்கள். காலைக் காட்டுங்கள் என்று அவர் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம்.