கேபிள் மாற்றியும் ஆக்சிலேட்டர் சிக்குகிறதா? டேங்கைக் கழற்றிப் பாருங்கள்

கேள்வி: என்னுடையது பழைய பைக். ஆக்சிலேட்டரை முறுக்கிவிட்டால் தானாகத் திரும்பி வருவதில்லை, கையால் திருப்ப வேண்டியிருக்கிறது. கேபிளுக்கு எண்ணெய் விட்டுப் பார்த்தும் சரியாகவில்லை. என்ன செய்யலாம்?

இதற்குப் பதில் சொல்ல எனக்குத் தகுதி உண்டு. இதே கோளாறுக்காக இரண்டு கேபிள் வாங்கியவன் நான். கோளாறு கேபிளில் இல்லவே இல்லை.

முதலில் ஒன்று, சரியாகும்வரை அந்த வண்டியை எடுக்காதீர்கள். கையால் திருப்பிச் சமாளித்துவிடலாம் என்றுதான் இப்போது நினைத்துக்கொண்டிருப்பீர்கள். நானும் மூன்று வாரம் அப்படித்தான் ஓட்டினேன். ஒரு நாள் யூ டர்ன் எடுக்க ஹேண்டில்பாரை முழுக்க ஒடித்தபோது வண்டி தானாக ரேஸ் ஆகி முன்னால் பாய்ந்தது. பயத்தில் கை கிளட்சை இறுக்கிப் பிடித்ததால் விழாமல் தப்பித்தேன். இன்ஜின் மட்டும் நின்ற இடத்தில் அலறிக்கொண்டே இருந்தது. என் வண்டியில் கில் சுவிட்ச் கிடையாது, சாவியைத் திருப்பித்தான் அணைத்தேன். ஓடும்போது உங்களுக்கு இப்படி ஆனால் கிளட்சைப் பிடியுங்கள், இன்ஜினை அணையுங்கள், ஆனால் சாவியை ஆஃபோடு நிறுத்திவிடுங்கள், ஹேண்டில் லாக் வரை கொண்டுபோகாதீர்கள்.

என் வண்டி 100 சிசி, அப்பா ஓட்டியது. டேங்குக்குள் துரு பிடித்திருந்ததால் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே கழற்றி, சுத்தம் செய்து, திரும்ப மாட்டினேன். அதற்குக் கொஞ்ச நாளிலேயே ஆக்சிலேட்டர் கனக்க ஆரம்பித்தது. இரண்டுக்கும் சம்பந்தம் இருக்கும் என்று அப்போது தோன்றவே இல்லை. மெக்கானிக்கிடம் விட்டேன், கேபிள் மாற்றிக் கொடுத்தார். புதுக் கேபிளின் வழுவழுப்பில் நாலைந்து நாள் ஓடியது, அப்புறம் பழைய கதை. டூப்ளிகேட் கேபிளைத் தலையில் கட்டிவிட்டார் என்று அவரிடமே போய்ச் சத்தம் போட்டுவிட்டு வந்தேன்.

சரி, இனி யாரையும் நம்புவதில்லை என்று நானே உட்கார்ந்தேன். கார்புரேட்டரின் மேல் மூடியைத் திருகி, கேபிளோடு ஸ்லைடை, அதாவது கேபிள் இழுக்கும்போது மேலே ஏறி காற்று வழியைத் திறக்கிற உருளையை, வெளியே எடுத்தேன். அதன்மேல் பழுப்பாக ஒரு படலம் ஒட்டியிருந்தது, பெட்ரோல் காய்ந்து படிகிற பிசின். துடைத்ததும் பளிச்சென்று ஆனது, கண்டுபிடித்துவிட்டோம் என்று ஒரே குஷி. திரும்பப் போடும்போது ஸ்லைடின் பக்கத்தில் இருக்கிற நீள வெட்டு, கார்புரேட்டருக்குள் இருக்கிற சின்ன முனையில் உட்கார வேண்டும். அவசரத்தில் திருப்பி வைத்துவிட்டேன். கிக்கரை உதைத்ததும் இன்ஜின் போட்ட சத்தத்தில் வீட்டில் எல்லோரும் வெளியே ஓடிவந்தார்கள். இதையெல்லாம் எழுதாமலே விட்டிருக்கலாம், ஆனால் நீங்களும் அதைத்தான் செய்வீர்கள்.

அதைச் சரிசெய்துவிட்டு இரண்டாவது கேபிள் வாங்கினேன். பழைய கேபிளின் நுனியில் புதியதை நூலால் கட்டி இழுத்தால் அதே வழியில் வந்துவிடும் என்று எங்கேயோ கேள்விப்பட்டிருந்தேன், டேங்கைக் கழற்றி அப்படியே செய்தேன். முறுக்கிவிட்டால் 'டக்'கென்று மூடியது. டேங்கை வைத்து போல்ட்டைப் போட்டேன், மறுபடி மெதுவாக நகர்ந்து பாதியில் நின்றது. கழற்றினேன், டக். மாட்டினேன், பாதி. மூன்றாவது தடவைதான் கீழே கிடந்த பழைய கேபிளைக் கையில் எடுத்தேன். நடுவில் ஒரு விரல் நீளத்துக்கு வெளி உறை நசுங்கித் தட்டையாகி, அங்கே மட்டும் பளபளத்தது. வண்டிமேல் வைத்துப் பார்த்தால் டேங்க் ஃபிரேம் மேல் உட்காருகிற இடம்! அன்றைக்குத் துரு எடுத்த நான் டேங்கை கேபிள்மேலேயே ஏற்றி உட்காரவைத்திருக்கிறேன். நூல் கட்டி இழுத்த சாமர்த்தியத்தில் புதுக் கேபிளும் ஒழுங்காக அதே தப்பான வழியில் வந்து படுத்துக்கொண்டது. ஃபிரேமின் பக்கவாட்டு வளையத்துக்குள் விட்டுக் கொண்டுபோனேன், அவ்வளவுதான் வேலை.

கார்புரேட்டரையும் கிரிப்பையும்தான் முதலில் பார்க்க வேண்டும் என்று வரப்போகிறவர்களுக்கு: பார்க்கட்டும், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. கிரிப் உள்ளே நகர்ந்து சுவிட்ச் பெட்டியில் உரசினாலும் இப்படி ஆகும், கிரிப்புக்கும் பைப்புக்கும் நடுவில் மண் சேர்ந்தாலும் ஆகும். எதையும் வாங்குவதற்கு முன்னால் கேபிளை கார்புரேட்டர் பக்கம் கழற்றிவிட்டு முறுக்கிப் பாருங்கள். அப்போதும் இறுக்கமாக இருந்தால் கிரிப் அல்லது கேபிள், லேசாக இருந்தால் ஸ்லைடு அல்லது அதன் ஸ்பிரிங். கேபிள் நுனியில் ஒரு இழை அறுந்திருந்தால்கூட எண்ணெய் விட்டுக்கொண்டிருக்காமல் தூக்கிப் போடுங்கள். உள்ளே பிளாஸ்டிக் குழாய் வைத்த கேபிளுக்கு கிரீஸ் அடைக்காதீர்கள், தூசியோடு சேர்ந்து களியாகிவிடும். கிரிப்பில் கொஞ்சம் சும்மா ஆட இடம் இருக்க வேண்டும், பெரும்பாலான வண்டிகளுக்கு 2 முதல் 6 மில்லிமீட்டர், உங்கள் வண்டியின் கையேட்டில் சரியான அளவு இருக்கும்.

இந்த ஆட்டத்தைக் கூட்டிக் குறைக்கிற அட்ஜஸ்டர் நட்டைத் திருக ஒரு 10-11 ஸ்பேனர் வைத்திருந்தேன். என் சித்தப்பா மகன் 'அரை மணி நேரத்தில் தருகிறேன்' என்று வாங்கிப்போய் ஒரு வருஷம் ஆகிறது. கேட்டால் "ஒரு ஸ்பேனருக்கா இப்படி?" என்கிறான். ஆமாம் தம்பி, ஒரு ஸ்பேனருக்குத்தான். கட்டிங் பிளையரால் திருகித் திருகி நட்டின் முனை மழுங்கிப்போனது என் வண்டியில், அவன் வண்டியில் இல்லையே.

எல்லாம் மாட்டிய பிறகு, டேங்க் போல்ட்டையும் இறுக்கிவிட்டு, இன்ஜின் அணைந்திருக்கும்போதே நேராக ஒரு தடவை, இடது கோடியில் ஒரு தடவை, வலது கோடியில் ஒரு தடவை முழுக்க முறுக்கிக் கையை எடுங்கள். மூன்றிலும் அந்த 'டக்' கேட்க வேண்டும். பிறகு ஸ்டார்ட் செய்து, நியூட்ரலில் ஹேண்டிலை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒடித்துப் பாருங்கள். சத்தம் கொஞ்சம் ஏறினாலும் கேபிள் எங்கேயோ இழுபடுகிறது என்று அர்த்தம், திரும்பவும் டேங்கைக் கழற்றுங்கள்.

அந்த மெக்கானிக்கிடம் மன்னிப்புக் கேட்டாயா என்று யாராவது கேட்பீர்கள். இல்லை, இன்னும் போகவில்லை. அவரும் டேங்கைக் கழற்றித்தானே கேபிள் மாற்றினார், வழியை ஒரு தடவை பார்த்திருக்கலாம் இல்லையா?